ஒண்ணாவதுக்கு ஏறணும்

அந்த டையைக் கொஞ்சம் தளத்திவிடுங்க சார். பையனுக்கு முழி பிதுங்குது. உங்க முழி அதைவிட அதிகமாப் பிதுங்குது, அது வேற விஷயம். இன்டர்வியூ அவனுக்கா, உங்களுக்கா? ரெண்டு பேருக்குமா. அதுவும் சரிதான். இங்க அப்பா அம்மாவைத்தான் முதல்ல எடை போடுவாங்க, அப்புறந்தான் புள்ளையை.

உக்காருங்க. இந்த நாற்காலிதான், வேற கிடையாது. கேஜி புள்ளைங்களோடது. முட்டி தாடையில இடிக்கும், பழகிடும். உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடியே பெத்தவங்களைக் குட்டியாக்கிடணும்னு ஏற்பாடு போல.

நானா? நான் அட்மிஷனுக்கு வரலைங்க. என் பொண்ணு இங்கேயே கேஜி முடிச்சுட்டா. ஒண்ணாவதுக்கு ஏறணும். அட, நீங்க வேற. ஒரு தடவை உள்ள நுழைஞ்சுட்டா லிஃப்டு மாதிரி அதுவே மேல தூக்கிட்டுப் போயிடும்னு நினைச்சீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். இங்க மாடிக்கு மாடி ஒரு கதவு, கதவுக்குக் கதவு ஒரு மேடம். ஒண்ணாவதுக்குப் போகணும்னா புள்ளை ஒரு கதையை வாய்விட்டுப் படிக்கணும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். இதோ, நம்ம தலைக்கு மேல ஜன்னல் திறந்திருக்கு பாருங்க, அந்த ரூம்லதான் உக்காந்திருக்கா. இன்னிக்கு வாயைத் திறந்தா கூட்டாளிங்களோட ஒண்ணாவது. திறக்கலைன்னா கேஜியிலேயே இன்னொரு வருஷம். பொடிசுங்க நடுவுல இவ மட்டும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிக்கணும்.

படிப்பு வரலையான்னு கேக்கறீங்க. அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. பேச்சுதான் தகராறு. வீட்ல அவளுக்குப் பேரே வாயாடி. ஃபிரிட்ஜைத் திறந்தா உள்ள இருக்கிற முட்டையை நலம் விசாரிப்பா. ஆனா இந்த கேட்டைத் தாண்டினா வாயில பூட்டு. போன வாரம் வரைக்கும் ரெண்டு வருஷமா கிளாஸ் டீச்சர் அவ குரலையே கேட்டதில்லை. அட்டெண்டன்ஸ் எடுத்தா கையைத் தூக்குவா, அவ்வளவுதான்.

ஆமா, பையனுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கீங்க? பேரு, வயசு, பிடிச்ச கலரு, பிடிச்ச மிருகம். வரிசையாவா? போச்சு போங்க. எங்க தெரு டெய்லரோட பையனும் இப்படித்தான் வரிசையா மனப்பாடம் பண்ணிட்டு வந்தான். மேடம் சும்மா இருக்காம, முதல்ல என்ன சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை எச்சாக் கேட்டுட்டாங்க. அவன் பேரைச் சொல்லிட்டான். அப்புறம் எல்லாமே ஒண்ணு ஒண்ணு தள்ளிப்போச்சு. பேரென்னன்னு கேட்டா நாலு வயசுங்கிறான். வயசென்னன்னு கேட்டா சிவப்புங்கிறான். கூட வந்திருக்கிறது யாருப்பான்னு கேட்டா, யானைன்னுட்டான். டெய்லர் ஆளு ஊசி மாதிரி இருப்பாரு. இன்னிக்கும் தெருவுல அவருக்கு அதான் பேரு.

சிரிங்க, சிரிங்க. நாங்க பண்ணின கூத்து அதுக்கும் மேல. எங்க வீட்டம்மா ஒரு திட்டம் போட்டா. சாயங்காலம் ஆனா புள்ளைக்கு ஷூ மாட்டி நாற்காலியில உக்காரவெச்சுடுவா. தானே மேடம் மாதிரி மூக்குக் கண்ணாடியைக் கீழ இறக்கிக்கிட்டு கேள்வி கேப்பா. ஷூ கால்ல இருக்கிற வரைக்கும் இங்கிலீஷ், கழட்டினா தமிழ். புள்ளைக்கு ஒரு ஒழுங்கு வரும்னு நாங்க நினைச்சோம். இங்கிலீஷே ஷூவுக்குள்ளதான் இருக்குன்னு அவ நினைச்சுக்கிட்டா.

கேஜி இன்டர்வியூ அன்னிக்கு வந்தா, ரூம்ல புதுக் கார்ப்பெட். வாசல்லயே ஷூவைக் கழட்டச் சொல்லிட்டாங்க. எங்களுக்கும் புத்தியில உறைக்கலை. உள்ள மேடம் கேள்வி கேக்கறாங்க, புள்ளை குனிஞ்சு காலைப் பாக்கறா. திரும்பக் கேக்கறாங்க, திரும்பக் காலைப் பாக்கறா. புள்ளைக்குக் கால்ல ஏதாவது வலியான்னு கேட்டாங்க மேடம். வீட்டம்மா கண்ணாலேயே கெஞ்சறா, ம்ஹூம். சரி, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வெளிய வந்து நான் பக்கத்துல உக்காந்து, பரவாயில்லைம்மான்னு சமாதானம் சொல்லிக்கிட்டே ஷூவை மாட்டி விட்டேன். அவ்வளவுதான், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. பேரு, வயசு, கலரு, ஏ பி சி டி, கடைசியில தேங்க்யூ மேடம் வரைக்கும் ஒரே மூச்சுல. காரிடாரே நின்னு வேடிக்கை பாக்குது. பெரிய மேடம் எட்டிப் பாத்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சு, அங்கேயே சீட்டைக் கொடுத்துட்டாங்க.

அதுக்கப்புறம் தினம் ஷூவோடதானே வர்றா, பேசியிருக்கணுமேன்னு பாக்கறீங்களா? ஷூ காரணமில்லைங்க. அது அப்ப எங்களுக்குத் தெரியலை.

உங்களையும் கேள்வி கேப்பாங்க, தயாரா இருங்க. என்னை என்ன வேலைன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறேன்னேன். வீட்ல புள்ளையோட பேசுவீங்களான்னு கேட்டாங்க. நான் யோசிச்சேன். யோசிக்கிறதைப் பாத்துட்டு வீட்டம்மா குறுக்க பாஞ்சு, அதெல்லாம் நிறையப் பேசுவாரு மேடம்னு பொய் சொல்லிட்டா. ஏன், நான் பேசாத ஆள் மாதிரியா தெரியுதுன்னு கேக்கறீங்க? நியாயந்தான்.

என்ன, சத்தமாப் பேசறேனா? அந்த மூலையில இருக்கிற அம்மா திரும்பித் திரும்பிப் பாக்கறாங்களா? பாக்கட்டும். நீங்க கையைக் காட்டாதீங்க சார், என்னால குறைக்க முடியாது. டீச்சர் உத்தரவு.

விளையாட்டில்லைங்க. போன வாரம் புள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தேன். இதே ஜன்னலுக்கு வெளிய வாட்ச்மேன் பிடிச்சுக்கிட்டாரு. தோள் வலிக்குதாம், படம் எடுக்கணுமான்னு கேட்டாரு. அவருக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். உள்ள இவ தானாப் புத்தகத்தைப் பிரிச்சு வாய்விட்டுப் படிக்க ஆரம்பிச்சிருக்கா. டீச்சர் கையில சாக்பீஸோட அப்படியே நின்னுட்டாங்களாம். வாட்ச்மேன் கிளம்பினாரு, நான் பேச்சை நிறுத்தினேன். அவளும் நிறுத்திட்டா. இந்தப் பள்ளிக்கூடத்துல அப்பன் குரல் பக்கத்துல கேட்டாத்தான் அவளுக்குக் குரல் வருதுங்க. அன்னிக்கு ஷூ மாட்டும்போதும் அதான் நடந்திருக்கு. அதான் டீச்சர் என்னை இன்னிக்கு வரச் சொல்லி, இங்க உக்காரவெச்சு, என்ன வேணா பேசுங்க, யார்கிட்ட வேணா பேசுங்க, நிறுத்த மட்டும் செய்யாதீங்கன்னுட்டு உள்ள போயிருக்காங்க.

பேசறதுன்னா எனக்கு வேர்த்துக் கொட்டும் சார். நாள் முழுக்க மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க, இதுக்கு மேல நான் வாயைத் திறந்ததில்லை. சொந்தக்காரங்க எல்லாம் ஊமைக்கோட்டான்னுதான் சொல்லுவாங்க. அந்த டெய்லர் கதை, ஷூ கதை எல்லாம் வழியில பஸ்ல வரும்போது மனசுக்குள்ள அடுக்கி வெச்சுக்கிட்டு வந்தது. எல்லாம் தீர்ந்துபோச்சு. ஒரு உதவி பண்ணுங்க. நான் பேசிக்கிட்டே இருக்கறதால எனக்கு உள்ள ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நீங்க காதைக் கொடுத்துப் பாருங்க. படிக்கிறாளா? கீச்சுக் குரலா இருக்கும். நல்லாக் கேளுங்க. படிக்கிறாளா, அப்பாடா. விட்டு விட்டா, சரளமாவா? சரி. சரி. சரி.

ஐயோ, உங்களைக் கூப்பிடறாங்க பாருங்க. எழுந்திரிங்க, சட்டையை இழுத்துவிடுங்க. பையனுக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் இந்தச் சுவத்தோட பேசிக்கறேன். சுவத்துக்கும் காது உண்டும்பாங்க, இருந்தா இன்னிக்கு உபயோகமாகட்டும். போங்க, போங்க.

வாங்க, சுவரு சார். நீங்க அட்மிஷனுக்கா, ஒண்ணாவதுக்கா?