தலையணைப் பக்கத்துக் காத்து

— கட்டில் ஜன்னலோரமாத்தானே கெடக்கு? எனக்குச் சரியா ஞாபகம் வரல...

— நாலு மாசத்துல கட்டிலே மறந்துபோச்சா? பொண்டாட்டி ஞாபகம் இருக்கா?

— இருக்கே. எதிர் மாடி ஜன்னல்ல, ஈரத்தலையோட, போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்குது.

— நக்கலு! ரோட்டைத் தாண்டுனா பதினாறு படி. மேல வாங்க.

— பட்டறையில உடைக்கிற டியூப் லைட்டுப் பாதரசம் என் மேல ஒட்டித்தானே வீட்டுக்குள்ள வந்துச்சு? அளவு இறங்கிடுச்சுன்னு சொல்லட்டும், வர்றேன். காத்தை அளக்குற மேடம் வந்தாங்களா?

— காலையில வந்தாங்க...

— என்னவாம்?

— குறையல.

— எப்படி? என் துணி, செருப்பு எல்லாத்தையும் மூட்டை கட்டி அவங்ககிட்டயே குடுத்தோமே!

— ம்.

— ஒருவேளை பட்டறைக் காத்து அங்க வரைக்கும் வருதோ? நாள் பூரா டியூப் லைட்டா உடைக்கிறாங்க...

— ஊர்க் காத்துலயே கொஞ்சம் இருக்காம். ஆனா தெருவைவிட நம்ம ரூம்ல மூணு மடங்காம்.

— ரூம்ல எங்க?

— கட்டில்கிட்ட.

— பாப்பா தூங்குற இடமா?

— ஆமா.

— அவ கை நடுக்கம்தான் நின்னுடுச்சே?

— நிக்கல. நேத்துகூட டம்ளரைக் கீழ போட்டா.

— ஏன் பொய் சொன்ன?

— சொன்னா இன்னும் தூரமாப் போயிடுவீங்க.

— நானும் ஒண்ணு மறைச்சுட்டேன்... பட்டறையை விட்டு ரெண்டு மாசமாச்சு. இப்ப மரக்கடையில வேலை பாக்குறேன்.

— என்னது!

— அளவு இறங்குனதும் நேரா வந்து கதவைத் தட்டலாம்னு இருந்தேன். உன் முகம் எப்படி மாறுதுன்னு பாக்க...

— ரெண்டு மாசமா... அப்ப அந்த மேடம் சொன்னது நெசந்தானா?

— என்ன சொன்னாங்க?

— பட்டறைத் துணி ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதுமாம். அதுலேர்ந்து ஆவி வந்துக்கிட்டே இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம்.

— அதான் ஒண்ணுமே இல்லையே.

— பாதரசம்னா பளபளன்னு உருளும்ல? நாலு தடவை உதறிப் பாத்தேன். ஒரு பொட்டுகூட விழல.

— எதை உதறுன?

— திட்டாதீங்க... நீங்க போன அன்னிக்கு அப்பா அப்பான்னு விடிய விடிய அழுதா. எனக்கும்...

— எதைடி உதறுன?

— உங்க பட்டறைக் காக்கிச் சட்டையை. துவைச்சா உங்க வாசனை போயிடும்னு அப்படியே தலையணை உறைக்குள்ள வச்சுட்டேன். நாலு மாசமா நாங்க ரெண்டு பேரும் அது மேலதான் தூங்குறோம்.