நாற்பத்து நான்காவது கீறல்

எனது பெயர் மார்லீன் ப்ரூக்னிக். வயது 58. கணவர் பெயர் டுவேன் ப்ரூக்னிக், வயது 61. ஒஹாயோ மாநிலம், போர்ட் கிளின்டன், மேப்பிள் தெரு, 316 ஆம் எண் வீட்டில் முப்பத்து மூன்று ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். 2019 மே 14 ஆம் தேதி, வழக்கறிஞர் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு, காவல் அதிகாரி திரு. லாம்பர்ட் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

என் கணவர் காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைக் கார் கொட்டகையில் வைத்துப் பழுது பார்த்து வருகிறார். மின்சார வேலை அவருடையது. பக்கப் பலகைகளில் உள்ள படவேலை என்னுடையது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பங்கீட்டில் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை.

கடந்த மார்ச் 9 ஆம் தேதி சனிக்கிழமை காலை, புகார்தாரரான ஜனீன் கெஸ்லர், வயது 57, காலமான தன் தந்தையின் ஸ்கேட்டிங் கூடத்தில் கிடந்த ‘மூன் டிரில்லர்’ என்ற பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். 1988 இல் வேறொரு விளையாட்டை உள்ளே மாட்டியபோது அவருடைய தந்தை பெட்டி முழுவதும் உருளையால் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டதாகவும், அடியில் உள்ள பழைய படத்தை மீட்டுத் தர வேண்டும் என்றும் கேட்டார். கல்யாணத்துக்கு முன் என் கணவர் அந்தக் கூடத்தில் ஸ்கேட்டிங் காலணி எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். முதலாளிக்கு ஒரு மகள் இருந்தது தெரியாது. எப்போதும் நாங்கள் இரண்டு பேராகப் பிடித்து இறக்கும் பெட்டியை அன்று என் கணவர் தனியாகவே இறக்கினார். அவருக்கு முதுகுவலி உண்டு.

அதன் பிறகு நான் வேலையைத் தொடங்கினேன். கரைப்பானை உள்ளங்கை அளவு இடத்தில் தடவி, நாற்பது எண்ணி, பிளாஸ்டிக் தகட்டால் வழிக்க வேண்டும். ஐம்பது எண்ணினால் கறுப்போடு சேர்ந்து அடியில் உள்ள படமும் வந்துவிடும். இப்படி ஏழு வாரம் வழித்ததில், ஆரஞ்சு உடை போட்ட சுரங்கக்காரன் ஒருவன் நீல நிலாவில் துளை போடும் படம் இரண்டு பக்கமும் முழுதாக வெளிவந்தது. அதன் பிறகு கண்ணாடித் தாளைப் பலகை மேல் விரித்து, உள்ளது உள்ளபடி கோடு வரைந்து எடுத்தேன். பட்டி வைப்பதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே வைத்துப் பெயிண்ட் அடிப்பதற்கான அச்சுத்தாளை வெட்ட முடியாது. அதன் பிறகு பட்டி வைத்து நிரப்ப வேண்டிய கீறல்களுக்குப் பக்கத்தில் என் கணவர் வழக்கம்போல் நீல நாடாத் துண்டு ஒட்டினார். மொத்தம் நாற்பத்து மூன்று.

வலப்பக்கப் பலகையில், நிலாவின் அடிப்பகுதியில், காசால் கீறிய இரண்டு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் மூன்று எழுத்து. இந்தப் பெட்டிகளில் அதிகப் புள்ளி எடுத்தவர் தன் பெயருக்கு மூன்று எழுத்துதான் பதிய முடியும். மேல் வரியில் இருந்தவை என் கணவர் எங்கே விளையாடினாலும் பதியும் எழுத்துகள், எங்கள் கொட்டகையில் நிற்கும் பதினோரு பெட்டிகளிலும் அவைதான் உள்ளன. என் எழுத்துகள் ஒன்றிலும் இல்லை. கீழ் வரி யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கீறலுக்கு மட்டும் நாடா ஒட்டப்படவில்லை. ஒன்று விட்டுப்போயிற்று என்று நான் அவரிடம் சொன்னேன்.

“அது கீறல் இல்ல, மார்லீன். அது பெட்டியோட சேர்ந்தது.”

“அப்ப மத்த நாப்பத்து மூணும் எதோட சேர்ந்ததாம்?”

“சின்னப் பசங்க கிறுக்கினது, விடேன்.”

அந்தக் கூடத்தில் வேலை பார்த்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது இருந்திருக்கும். சின்னப் பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதன் பிறகு மே 4 ஆம் தேதி ஜனீன் வேலையைப் பார்க்க வந்தார். வால்நட் போட்ட கேக் கொண்டுவந்தார். நான் செய்யும் கேக்கில் வால்நட்டைப் பொறுக்கித் தட்டோரம் வைக்கிற என் கணவர் அதில் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஜனீன் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அதைக் கீழே இறக்காமலே நேராகக் கையை நீட்டி, அந்தக் கீழ் வரியில் விரலை வைத்தார். தேடவில்லை. யாருடைய எழுத்துகள் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. “இத மட்டும் தொட்டுடாதீங்க” என்று என்னிடம் சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன்.

அதன் பிறகு மே 11 ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பெட்டியின் திரைக்குப் படக்குழாய் ஒன்று வாங்குவதற்காக என் கணவர் ஜனீனுடைய காரில் டொலீடோவுக்குப் போனார். படக்குழாயை ஒருவரே தூக்கலாம். அவர் போகும்போது சட்டையை மாற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு நான் கொட்டகைக்குள் போய், அந்தக் கீறலில் பட்டி வைத்து, காயவிட்டு, மூன்று வகை உப்புத்தாளால் தேய்த்து, நிலாவின் நீலத்தைக் கலந்து, அச்சுத்தாள் வைத்து அடித்தேன். அந்த இடத்தில் தொழிற்சாலைக்காரர்களே நீலத்தைக் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் கசியவிட்டிருந்தார்கள், அந்தக் கசிவையும் அப்படியே போட்டேன். நாலு மணி நேரம் ஆயிற்று. அவசரமாகச் செய்யவில்லை. மற்ற நாற்பத்து மூன்றையும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கண்டுபிடித்துவிடலாம், இதை முடியாது. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை இதுதான்.

அவர்கள் மாலை நாலரைக்குத் திரும்பி வந்தார்கள். ஜனீன் நேராக அந்த இடத்துக்குப் போய்க் கையை நீட்டினார், கை அங்கேயே நின்றது.

“முப்பது வருசம் கறுப்புக்குள்ள பத்திரமா இருந்துச்சு. ஒரே பகல்ல முடிச்சிட்டீங்களே” என்றார். அதன் பிறகு காரில் ஏறிக் காவல் நிலையத்துக்கு வந்து, சொன்னதை மீறித் தன் உடைமையைச் சேதப்படுத்தியதாக என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்.

என் கணவர் சத்தம் போடவில்லை. கைவிளக்கை எடுத்துவந்து மண்டியிட்டு, பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் தடவியிருப்பார். அதன் பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“எங்க இருந்துச்சு, மார்லீன்?”

“உனக்கே தெரியலையா?”

அன்று முதல் அவர் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார்.

சேதத்தைச் சரிசெய்ய முடியுமா, முடிந்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக ஜனீன் சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். முடியும். முன்னர் நான் சொன்ன கண்ணாடித் தாளில் அந்தக் கீறலும் இருக்கிறது. வரைந்தபோது எனக்குத் தெரியவில்லை, உள்ளது எல்லாவற்றையும் வரைவது கைக்குப் பழகிப்போன வேலை. போன ஞாயிற்றுக்கிழமை தாளை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரின் எழுத்துகளையும் என் கையாலேயே, ஒரு கோடு பிசகாமல் வரைந்து வைத்திருக்கிறேன். அந்தத் தாளைப் பலகை மேல் வைத்தால் இடம் தெரிந்துவிடும், சூடு காட்டினால் பட்டி கழன்றுவிடும். இது என் கணவருக்குத் தெரியாது.

அந்தத் தாளைச் சுருட்டி இன்று கொண்டுவந்து அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதை ஜனீனிடம் கொடுக்க வேண்டாம், வழக்குக் கட்டிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் வேண்டும் என்று வந்து கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும், வாங்கிய தேதியும் நேரமும் எழுத வேண்டும், அதன் நகல் ஒன்று எனக்கு வேண்டும்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. ‘கோபத்தில் செய்தேன்’ என்று அவர் எழுதியிருந்ததை மட்டும் அடித்துவிட்டு, ‘பொறாமையில் செய்தேன்’ என்று திருத்தச் சொன்னேன். அடித்தல் ஒன்று. மற்றபடி எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
மார்லீன் ப்ரூக்னிக்