கூப்பிட்டா வராத குட்டி

ஐயோ அக்கா, துடைப்பத்தைக் கீழ வைங்க. பேயும் இல்ல பிசாசும் இல்ல, நான்தான். செல்லங்களா சாப்பாடுன்னு உங்க குரல்ல கூப்பிட்டது நான்தான். நம்ம குரலே நம்ம முதுகுக்குப் பின்னால கேட்டா யாருக்கும் தூக்கிவாரிப் போடும், மன்னிச்சுக்குங்க. கடைசில ஒரு இழுப்பு இழுக்கிறீங்க பாருங்க, செல்லங்க...ளாஆ, அது படியத்தான் கொஞ்சம் நேரம் ஆச்சு.

இல்லக்கா, விளையாட்டு இல்ல. சத்தியமா ஒரு காரியமாத்தான் கூப்பிட்டேன். என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்கல்ல? இந்த வெள்ளை நாய்க்குட்டி, ஜாக் ரஸ்ஸல் ஜாதி, என்னமா பாஞ்சு வந்தான்! தண்ணிக் கிண்ணத்தைக் கவுத்துட்டு, என் முட்டி மேல ஏறி மூக்கை நக்கிட்டான். அந்தச் சடைக்காரி யார்க்ஷயர் இருக்காளே, அவ காதை மட்டும் நிமிர்த்தினா. மெதுவா வந்தா, என் கையை மோந்தா, நீ அவங்க இல்லையேன்ற மாதிரி ஒரு பார்வை பாத்தா, திரும்பிப் போய்ப் படுத்துட்டா. எனக்கே கொஞ்சம் அவமானமாப் போச்சு.

ஆமா, நீங்க சொல்றது புரியுது. என் துள்ளலுக்கு ஜாக் ரஸ்ஸல்தான் ஜோடி. ஆனா அவனைத் தினம் ரெண்டு வேளை ஓட விடணும்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க வீடு மூணாவது மாடி. ரெண்டே ரூம், லிஃப்ட் கிடையாது. ஓட்டலன்னா சோபாவைப் பிச்சுப் பஞ்சாக்கிடுவான்.

வீட்டுலயா? அவங்க எல்லாரும் சொல்லி அனுப்பிட்டாங்க. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுறாரு, ஹாரனுக்கு மேல பேசிப் பேசி வீட்டுலயும் அதே சத்தம்தான். எலி பிடிக்கும்ல அது? வேன் ஒயரெல்லாம் எலி கடிச்சு வெக்குதுடா, அந்த வெள்ளையனையே தூக்கிட்டு வா! இது அப்பா. அம்மா மூக்கால பேசுவாங்க. முடி கொட்டுமா கொட்டாதா, அதை முதல்ல கேளுடா, பெருக்கறவ நான். சிரிக்கிறீங்க. நாய் வாங்க வந்தியா நாடகம் போட வந்தியான்னு கேக்கப் போறீங்க.

யார்க்ஷயர் முடி அவ்வளவா கொட்டாதுல்ல? தினம் சீவணும், சீவலன்னா சிக்குப் பிடிக்கும், அவ்வளவுதானே? அதுக்கு ஆள் இருக்கு. சித்தப்பா. குட்டியே அவருக்குத்தான்கா.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில, பின்னறையில உக்காந்து லென்ஸ் தேய்க்கிறாரு. கடுகு சைஸ் ஸ்க்ரூவை இடுக்கியில பிடிச்சு ஒரே தடவையில மாட்டுவாரு. முடி சீவறதெல்லாம் அவருக்கு ஒண்ணுமே இல்ல. முன்னாடி கவுன்டர்லதான் நிக்க மாட்டாரு. பேச்சு திக்கும். சின்ன வயசுலேருந்தே. மனுஷங்ககிட்ட ம், சரி, இந்த ரெண்டோட முடிச்சுக்குவாரு. வீட்டுல பட்டாணின்னு ஒரு கிழட்டு நாய் இருந்துச்சு, அதுகிட்ட மட்டும்தான் நாள் முழுக்க நடந்ததைச் சொல்லுவாரு. அதுகிட்டயும் திக்கும்தான். ஆனா அது எங்கயும் அவசரமாப் போகப் போறதில்லையே, முழு வாக்கியமும் முடியற வரைக்கும் முகத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கும்.

அது செத்து ரெண்டு மாசம் ஆச்சு. வயசுதான், கிட்னி. இப்ப சித்தப்பாகிட்ட அந்த ம், சரி கூட இல்ல, வெறும் தலையாட்டல். புதுசா ஒண்ணு வந்தா மனுஷன் மறுபடி வாயைத் திறப்பாருன்னு அம்மா நினைக்கிறாங்க. அதனாலதான்கா இவ்வளவு யோசனை. தப்பான குட்டியைக் கொண்டு போயிடக் கூடாது.

அன்பாத்தான் இருப்பான் ஜாக் ரஸ்ஸல், இல்லன்னு சொல்லல. எல்லார்கிட்டயும் அன்பா இருப்பான். அதுதான் பிரச்சினையே.

தவளை தன் வாயால கெடும்பாங்க. என் விஷயத்துல தவளைக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துல இருந்தவருக்குத்தான் ஆச்சு.

சொல்றேன்கா, கேட்டுட்டுத் திட்டுங்க. அஞ்சு மாசம் முன்னாடி அம்மா பக்கத்துச் சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. டேய், அத்தை மாதிரி பேசு, மாமா மாதிரி இருமுன்னு ஒரே கேலி. எனக்குக் கைதட்டு கேட்டா தலைகால் புரியாது. அந்த நேரம் பாத்து சித்தப்பா வேலை முடிஞ்சு வந்தாரு. கையில சாப்பாட்டுப் பை, செருப்பைக் கூடக் கழட்டல. வாசல்ல நின்னு, தினம் கூப்பிடற மாதிரி, ப... ப... பட்டாணின்னாரு. நான் சோபா பின்னால குனிஞ்சு அதே மாதிரி கூப்பிட்டேன். அதே திக்கல், நடுவுல அவர் இழுக்கற மூச்சு, எல்லாம் அச்சு அசலா. பட்டாணி ஹால் நடுவுல நின்னு அந்தப் பக்கம் பாத்துச்சு, இந்தப் பக்கம் பாத்துச்சு. எங்கிட்ட வந்துடுச்சு.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சித்தப்பாவும் சிரிச்சாரு. பையைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னு சிரிச்சாரு.

மறுநாள்லேருந்து அதைக் கூப்பிடவே இல்லக்கா. விரலால சுவரைத் தட்டுவாரு, அது வரும், தடவிக் கொடுப்பாரு, பேச மாட்டாரு. வீட்டுல யாரும் கவனிக்கல, நாய்க்கு வயசாகுதுன்னு விட்டுட்டாங்க. எனக்குத் தெரியும். கடைசி நாள் டாக்டர் மேஜை மேல படுத்துக்கிட்டு அது அவரையே பாத்துட்டு இருந்துச்சு. அவர் கூப்பிட வாயைத் திறந்தாரு. எதிர்ல நின்ன என்னைப் பாத்தாரு. மூடிக்கிட்டாரு.

ஒரு நிமிஷம் வெளிய போய் நின்னிருக்கலாம் நான். தோணல.

அதான் உங்க குரல்ல கூப்பிட்டுப் பாத்தேன். சடைக்காரியையே கொடுங்க. என்னை நம்பாத குட்டி எங்க வீட்டுல ஒண்ணாவது இருக்கட்டும்.

அதோ கேட் பக்கத்துல சட்டைக் காலரைச் சரி பண்ணிட்டு நிக்கிறாரே, அவர்தான். இப்ப வருவாரு. தடுப்பூசி அட்டையில எழுத, குட்டிக்கு என்ன பேர்னு நீங்க அவரைக் கேக்கணும். யோசிச்சு வெச்சிருக்காரு போல, காலையிலேருந்து வேன்ல உதடு அசைஞ்சுட்டே இருந்துச்சு. சொல்ல நேரம் ஆகும்கா. நடுவுல எடுத்துக் கொடுத்துடாதீங்க. வேற எங்கயாவது பாக்கவும் பாக்காதீங்க.

நானா? நான் பின்பக்கமாப் போய் வேன்ல உக்காந்துக்கறேன். ஜன்னலை ஏத்திக்கறேன். அந்தப் பேர் என் காதுல விழ வேண்டாம்.