சிரித்தாலும் நழுவாத ஊஞ்சல்

இந்த மாலைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சுக்கு எப்போது மணியடிக்கலாம் என்று கையில் மணியோடு காத்திருக்கும், பாலங்கள் கட்டிப் பணி ஓய்வு பெற்ற பொறியாளர் அம்மையார் அவர்களே! மேடையில் நாற்காலி போட்டும் அதில் உட்காராமல், கீழே பிள்ளைகளோடு பிள்ளையாக நிற்கும், அவர்களுக்கு உடலியக்கப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அம்மா அவர்களே! எப்போது கூட்டம் போட்டாலும் முதல் ஆளாக வந்து முன்வரிசையைப் பிடித்துவிடும் பெரியோர்களே! வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் பையோடு நேரே இங்கு வந்து நிற்கும் தாய்மார்களே! என் பேச்சின் நீளம் அறிந்து இப்போதே சறுக்குமரத்தில் ஏறிவிட்ட என் மாணவச் செல்வங்களே! இறங்க வேண்டாம், அங்கிருந்தே கேளுங்கள். எல்லோருக்கும் மேலாக, தன் சக்கர நாற்காலியில் வீற்றிருந்து விழாவையே தன் விழியால் ஆளும் இன்றைய நாயகி, எங்கள் ராணியம்மா அவர்களே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்!

நான் உடற்பயிற்சி ஆசிரியன். விசில் ஊதிப் பிழைப்பவன். இந்தப் பூங்காக் குழுவின் செயலாளன். எனக்கு மைக் தேவையில்லை. என்னால் மைக்குக்குத்தான் ஆபத்து.

யாரது பின்னால், "சுருக்கமா முடிங்க சார்" என்பது? ஐயா, சுருக்கமாகப் பேசத் தெரிந்திருந்தால் நான் ஏன் செயலாளன் ஆகிறேன்?

ஒரே ஓர் ஊஞ்சல். அதற்கு ஒரு மேடையா, ஒரு பந்தலா, இத்தனை பேர் கூடிய விழாவா என்று சிலர் கேட்டார்கள். கேட்கட்டும். நானும் ஒன்று கேட்கிறேன். ஊஞ்சல் என்றால் என்ன? இரண்டு சங்கிலி, ஒரு பலகை என்பீர்கள். அந்தப் பலகையில் உட்கார என்ன வேண்டும்? பிடிக்கக் கை வேண்டும். நிமிர முதுகு வேண்டும். தலை நிற்கக் கழுத்து வேண்டும். உந்தக் கால் வேண்டும். கை சொன்னபடி கேட்காத பிள்ளைக்கு? கழுத்து துவளும் பிள்ளைக்கு? ஆசை மட்டும் அணுவளவும் குறையாத அந்தப் பிள்ளைக்கு நாம் இதுவரை என்ன மாட்டி வைத்திருந்தோம்? ஒன்றுமில்லை! ஓரமாக நின்று பார்க்க ஒரு நிழல் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான்.

ராணியம்மாவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்பது வயது. அப்பா லிஃப்ட் மெக்கானிக், அம்மா மருந்துக் கடையில் வேலை. ஒரு தங்கை, என் பள்ளியில் படிக்கிறாள். ராணியம்மாவுக்கு வாயால் பேச வராது, கண்ணால் பேசுவாள். கண் மேலே போனால் சரி, கண்ணை மூடினால் முடியாது. அந்த வீட்டில் டி.வி. சேனல் மாறுவதும் மாறாததும் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயரே வந்தது.

ஒரு நாள் அந்தத் தங்கை மைதானத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எங்க அக்காவுக்கு ஊஞ்சல் எப்போ வரும்?"

"வரும்மா, குழுவில பேசிட்டிருக்கோம்."

"அக்கா தினமும் கேக்குறா சார்."

"எப்படிம்மா கேக்குறா?"

"பூங்கா வழியா போறப்போ ஊஞ்சலையே பாக்குறா. தாண்டிப் போனதும் அவளால திரும்பிப் பாக்க முடியாதில்ல, அப்போ என்னையப் பாக்குறா."

அன்பர்களே, விசில் என் வாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் குழுவினருக்குப் போன் போட்டேன்.

அன்றே குழு கூடியது. ஊஞ்சல் செய்யும் நிறுவனத்திடம் பேசி, மூன்று வகை இருக்கைகளைப் பார்வைக்கு வாங்கினோம். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம் என்றார்கள். என் பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்தில், இரும்பு உத்தரத்தில் மூன்றையும் தொங்கவிட்டோம். இங்கேதான், தாய்மார்களே, தலைவர் அம்மையாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த பாலம் விழித்துக்கொண்டது!

"எதைத் தொங்க விட்டாலும் எடை ஏத்திப் பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன் சார்" என்றார்கள். சரி, எடைக்கு எங்கே போவது? ஒரு மூட்டை மணல் வந்தது. மூட்டையைத் தூக்கி முதல் ஊஞ்சலில் வைத்தோம்; ஆடியது. இரண்டாவதில் வைத்தோம், ஆடியது. மூன்றாவதில் வைத்தோம், உள்ளே புதைந்து ஆடியது. கம்பி வளைகிறதா என்று குனிந்து பார்த்தோம், சங்கிலி இழுபடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தோம். மூட்டை முணுமுணுத்ததா? முகம் சுளித்ததா? மூச்! அத்தனை அடக்கமான பிள்ளையை என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

அம்மையார் சிரிக்கிறார்கள். நல்லது, மணி அடிக்க மறந்துவிடுவார்கள்.

முதலாவது, சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றிவிடும் மேடை ஊஞ்சல். இரண்டாவது, உயர்ந்த முதுகும் நெஞ்சுப் பட்டையும் உள்ள சீட். மூன்றாவது ஒரு விசித்திரம்: ஆழமாக, முன்பக்கம் தூக்கலாக, நடுவில் ஒரு திண்டு வைத்த சீட். "இதென்ன சார், உள்ளே போட்டா வெளியே வராது போலிருக்கு" என்று நாங்களே அதைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டோம். மேடை ஊஞ்சலே சிறந்தது என்று ஏகமனதாகக் கை தூக்கினோம். அப்போது தெரபிஸ்ட் அம்மா மெல்லக் கேட்டார்கள்: "மூட்டைக்கு எல்லாம் பொருந்திடுச்சு. பிள்ளைக்கு?"

அடுத்த விடுமுறை நாளில் ராணியம்மா குடும்பத்தோடு எழுந்தருளினாள். அப்பா வந்ததும் வராததுமாக உத்தரத்தின் கொக்கிகளைப் பிடித்துத் தொங்கினார். நாள் முழுக்க, மேலே போகிறவர்கள் பத்திரமாகக் கீழே வரவேண்டுமே என்று கவலைப்படுவது அவர் தொழில். வீட்டுக்கு வந்தால் அந்தக் கவலைக்கு மகளின் முகம் வந்துவிடும்.

மேடை ஊஞ்சலில் நாற்காலியோடு ஏற்றினோம், பூட்டினோம், ஆட்டினோம். ராணியம்மாவின் முகம் எப்படி இருந்தது தெரியுமா? வங்கியில் வரிசையில் நிற்பவர் முகம்! அவள் அம்மா சொன்னார்: "நாள் பூரா இந்த நாற்காலியிலதான் சார் இருக்கா. இப்பவும் அதே நாற்காலிதான், கொஞ்சம் அசையுது." தூக்கி மாற்ற முடியாத வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மேடை ஊஞ்சல் ஒரு வரம். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் ராணியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முடியாது என்றால் முடியாதுதான்.

இரண்டாவது சீட்டில் உட்கார வைத்தோம். தலை நேராக, தோள் நேராக, பட்டை பொருத்தமாக. அப்பா பக்கத்தில் நிற்க, அம்மா மெல்லத் தள்ள, கண் மேலே போனது! இதுதான், இதேதான் என்று நாங்கள் கைதட்டினோம். "இப்படியில்லைம்மா, முன்னாலிருந்து தள்ளணும்" என்று விளக்கிக்கொண்டே நான் பின்பக்கமாகவே நடந்தேன். அங்கே யார் இருந்தது? நம் மணல் மூட்டை! தடுக்கி விழுந்தேன். மல்லாக்க விழுந்தேன். மாணவருக்கெல்லாம் சமநிலை சொல்லித்தரும் இந்த மகான், கால் இரண்டும் வானம் பார்க்க விழுந்தேன்.

ராணியம்மா சிரித்தாள். கூடமே அதிரச் சிரித்தாள். சிரித்த கணத்தில் அவள் உடம்பு விறைத்தது. கால் நீண்டது, முதுகு வளைந்தது, இடுப்பு முன்னால் வழுக்கியது, நெஞ்சுப் பட்டை கழுத்துக்கு ஏறியது. அப்பா பாய்ந்தார். பட்டையைப் பிய்த்து எறிந்து மகளை மார்போடு அள்ளினார். ராணியம்மாவுக்கு ஒன்றுமில்லை, இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவரோ அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பட்டையைப் பூட்டினார்.

"வேணாம் சார். நாங்க போறோம்" என்றார்.

குழுவில் ஒருவர், இங்கேதான் இருக்கிறார், யாரென்று சொல்லமாட்டேன், நம் பொருளாளர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "மெதுவா ஆட்டினா போதும் தம்பி. யாரும் அவளைச் சிரிக்க வைக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு வெச்சிடலாம்."

அந்த அப்பா திரும்பிப் பார்த்தார். "என் பொண்ணு சிரிக்காம இருக்கணும்னா அவ வீட்டுலயே இருக்கலாமே சார். எதுக்கு ஊஞ்சல்?"

அவையோரே, நீங்களே சொல்லுங்கள்! ஊஞ்சலில் ஏற்றுவோம், உற்சாகப்படாதே என்போமா? காற்றில் பறக்கவிடுவோம், களிப்படையாதே என்போமா? பூவுக்கெல்லாம் வேலி போட்ட பூங்காவில் புன்னகைக்கும் ஒரு வேலி போடுவோமா? சிரிக்கத்தானே ஊஞ்சல்! சிரிக்கத்தானே சங்கிலி! சிரிக்கத்தானே இத்தனை பேர் கூடி இத்தனை கூட்டம் போட்டோம்!

கைதட்டலுக்கு நன்றி. பொருளாளரும் கைதட்டுகிறார், பெரிய மனது.

தெரபிஸ்ட் அம்மா வாசலை மறித்து நின்றார்கள். "தம்பி, ஒரு நிமிஷம். சந்தோஷம் வந்தா அவ உடம்பு விறைக்கும். அது அவ தப்பில்ல, அப்படித்தான் அவ உடம்பு. ஆனா இடுப்பு நல்லா மடங்கி, முழங்கால் கொஞ்சம் உயர இருந்தா அந்த விறைப்பு அவளை வெளியே தள்ளாது. பெல்ட் முதல்ல இடுப்புல, தாழ்வா வரணும். நெஞ்சுப் பட்டை அதுக்கப்புறம்தான்." சொல்லிக்கொண்டே மூலைக்குப் போய், நாங்கள் ஒதுக்கிய அந்த மூன்றாவது சீட்டை இழுத்து வந்தார்கள். மூட்டைக்குத் தேவைப்படாதவை எல்லாம் அதில் இருந்தன. தூக்கலான முன்பக்கம், முழங்காலை உயர்த்த. நடுத்திண்டு, வழுக்கலைத் தடுக்க. தாழ்ந்த பெல்ட், இடுப்பைப் பிடிக்க.

ராணியம்மாவை உட்கார வைத்தார்கள். அழகாக உட்கார்ந்தாள். ஆனால் அமைதியாக உட்காருவதைத்தான் ஏற்கெனவே பார்த்து ஏமாந்துவிட்டோமே! இனி அவள் சிரிக்கும்போது அல்லவா பார்க்க வேண்டும்?

தொடங்கியது ஐயா திருவிளையாடல்! நான் மறுபடி விழுந்து காட்டினேன். ராணியம்மா சுவரைப் பார்த்தாள். விழுவதற்கும் விழுவதுபோல் நடிப்பதற்கும் வித்தியாசம் தெரிந்த ரசிகை அவள். பொருளாளர் முகத்தைக் குரங்காக்கினார். பெரிய மாற்றம் தெரியவில்லை. தலைவர் அம்மையார் பூனை போலக் கத்தினார்கள். ஐயையோ, முறைக்கிறார்கள். இதை மேடையில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன்! ராணியம்மா எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, லிஃப்ட் பேசுப்பா" என்றாள் தங்கை.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மகளைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கும்போதெல்லாம் அவர் லிஃப்ட் போலப் பேசுவாராம். அதற்குச் சிரிப்பதுபோல அவள் எதற்கும் சிரிக்கமாட்டாளாம். இப்போது, அவளைக் கீழே தள்ளக்கூடிய அந்தச் சிரிப்பை, அவரே வரவழைக்க வேண்டும். எந்த அப்பனால் முடியும்?

அவர் மனைவி பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் சொன்னார்: "நீங்களே பயந்தா, அவ யாரைப் பாத்துங்க சிரிப்பா?"

அவர் மகளின் எதிரே மண்டியிட்டார். அவளுக்குக் கீழே கைகளை ஏந்தினார், தொடாமல். தொண்டையைச் செருமிக்கொண்டு, லிஃப்டுக்குள் பேசும் அந்தப் பெண் குரலில் தொடங்கினார்: "கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும். மேலே செல்கிறது."

ராணியம்மா சிரித்தாள்! உடம்பு விறைத்தது, தலை பின்னால் அழுந்தியது, கால் துடித்தது. இடுப்பு? அசையவில்லை! பெல்ட் ஏறவில்லை!

"பத்தாவது மாடி. இங்கே யாரும் இல்லை. மீண்டும் கீழே செல்கிறது."

இன்னும் சிரித்தாள்! ஊஞ்சல் ஆடியது, அவள் நழுவவில்லை! ஏந்தியிருந்த கைகளை அந்த அப்பா மெல்ல, மெல்ல, தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு அழுதார். நானும் அழுதேன். மாணவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று விசிலைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தேன்.

ஆகவே, நாளை இன்னோர் ஊரில், இன்னொரு பூங்காவில், ஊஞ்சல் தேர்ந்தெடுக்கப்போகும் நல்லவர்களே! பிள்ளை சும்மா இருக்கும்போது பொருந்தும் இருக்கை, பாதி இருக்கைதான். பிள்ளை பொங்கும்போதும் பொருந்தினால்தான் அது முழு இருக்கை. ஒரு பிள்ளை படுத்துக்கொண்டு ஆடக் கேட்கும். ஒரு பிள்ளை சங்கிலி கிறீச்சிட்டால் காதைப் பொத்திக்கொள்ளும். ஒரு பிள்ளை தன் நாற்காலியை விட்டு இறங்கமாட்டேன் என்னும். கேளுங்கள்! கூட்டிவந்து, உட்கார வைத்து, சிரிக்க வைத்துக் கேளுங்கள்! பத்திரமும் வேண்டும், பரவசமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்க நமக்கு என்ன உரிமை?

மணி அடித்தாயிற்று. முடித்துவிடுகிறேன். பந்தல் போட்ட கைகளுக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. கேலியைத் தாங்கிய தலைவர் அம்மையாருக்கும் பொருளாளருக்கும் இரட்டை நன்றி.

ஒன்றே ஒன்று மட்டும். இன்று காலை அந்த அப்பா என்னிடம் வந்தார். "சார், இன்னைக்கு நான் தள்ளலை. சின்னவ தள்ளுவா" என்றார். "அப்போ நீங்க என்ன செய்யப் போறீங்க தம்பி?" என்றேன். "அந்த பெஞ்சுல உக்காந்து பாக்கப்போறேன் சார். மத்த அப்பாக்கள் எல்லாம் உக்காந்திருப்பாங்கல்ல, அந்த மாதிரி. நான் இதுவரைக்கும் பூங்காவுல உக்காந்ததே இல்ல."

அன்பர்களே, அந்த மூன்றாவது சீட்டோடு ஊஞ்சல் அங்கே தயார். தங்கையும் தயார். ராணியம்மாவின் கண் மேலே போய் வெகுநேரம் ஆகிவிட்டது. பெஞ்சில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.

தம்பி, வாங்க. வந்து உட்காருங்க.

அனைவருக்கும் நன்றி, வணக்கம்!