சத்தம் கணக்குல வராது

இல்ல மேடம், அந்த சத்தத்துக்கெல்லாம் நான் பயப்படல. ஸ்டேஷன் வாசல்ல வேப்ப மரத்தாண்ட நின்னுகினு கத்துறாரே, அவருதான் எங்க நைனா, வீராசாமி. துண்ட ஒதறி ஒதறி தரையில அடிக்கிறாரு பாருங்க, அது அவரு பழக்கம். கரண்ட் போனாலும் அதே அடிதான், நான் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிகினாலும் அதே அடிதான். தொண்ட கட்டுனதும் தானா ஒக்காந்துருவாரு.

பயமில்லன்னா அவங்களோட வீட்டுக்குப் போக வேண்டியதுதானேன்னு கேக்குறீங்க. கரெக்ட்டுதான். எப்படி சொல்றதுன்னுதான் தெரியல. எனக்குப் பேச வராது மேடம். காலேஜ்ல வைவா, அதான் வாய்மொழிப் பரீட்சைன்னாலே படிச்சதெல்லாம் மறந்துடும். எரிமலையப் பத்தின்னா மட்டும் கொஞ்சம் பேசுவேன்.

சிரிக்காதீங்க, நான் எம்எஸ்சி ஜியாலஜி. ராஜகிரிக் கோட்ட மல எரிமலையான்னுதான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க. இல்ல மேடம், அது பூமிக்குள்ளயே ஆறிப்போன கல்லு. நம்ம செஞ்சியில எரிமலையே கெடையாது. கல்லப் பத்திப் படிச்சா குவாரியில மேனேஜராயிடலாம்னு நைனா நெனச்சாரு. குவாரி சித்தப்பாவோடது. காலேஜுக்குக் கூட்டினு போயி சேத்ததும் அவருதான். அதோ, பெஞ்சுல வெள்ள சட்டையில ஒக்காந்திருக்காரே, கோவிந்தசாமி. உங்க எல்லாருக்கும் டீ வாங்கியாந்தாரே, அவருதான்.

ஆமா, தங்கமான மனுசன்னு ஊரே சொல்லும். மெதுவாவே பேசுறேன் மேடம், அவரு காதுல விழ வேணாம்.

எரிமலை எவ்ளோ பெருசா வெடிச்சிதுன்னு எப்படி அளக்குறாங்க தெரியுமா? சத்தத்த வெச்சி இல்ல. சத்தம் கணக்குலயே வராது. நெருப்பு எப்படி ஒழுவுச்சி, பாக்க எவ்ளோ பயமா இருந்துச்சி, அதுவும் வராது. சாம்பலும் கல்லும் மொத்தமா எவ்ளோ வெளிய வந்துச்சி, பொக எவ்ளோ ஒசரம் போச்சி, அதான் முக்கியம். அத வெச்சி சைபர்லேர்ந்து எட்டு வரைக்கும் நம்பர் போடுவாங்க. மேல போகப் போக ஒரு நம்பர் ஏறுனா பத்து மடங்கு பெருசுன்னு அர்த்தம். நாலுக்கும் அஞ்சுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம்னு உட்டுட முடியாது.

எங்க நைனா மாதிரி தெனமும் பொகஞ்சிகினே இருக்கற ரகம் ஒண்ணு உண்டு. டூரிஸ்ட்டுங்க பக்கத்துல போயி போட்டோ எடுப்பாங்க. அதுக்கு சைபர், மிஞ்சிப் போனா ஒண்ணு. உள்ள இருக்கற கேஸு அப்பப்ப வெளிய போயிடுது இல்ல? இன்னொரு ரகம், வாய் அடைச்சிகினு தலமொற தலமொறயா கம்முனு கெடக்கும். மேல புல்லு மொளைக்கும், மாடு மேயும். நல்ல மலைன்னு நெனச்சி ஜனங்க அடியில வீடு கட்டுவாங்க. பெரிய நம்பர் வாங்குறது பெரும்பாலும் அந்த ரகந்தான்.

வெட்டிடுவேன்னு நைனா சொன்னத எழுதிகினீங்க. சித்தப்பா சொன்னத எழுதலயே மேடம்? நம்ம பொண்ணுதானே, அந்தப் பையனையும் ஏத்துக்குவோம், கொஞ்ச நாளு வீட்ல இருக்கட்டும், மொறையா தாலி கட்டி வெக்கறோம்னாரு. கொரல் ஒசரவே இல்ல. நான் கட்டிகின விமல்ராஜ் கையில ஒரு டீயக் குடுத்து, எடுத்துக்க மாப்ளன்னாரு. எங்க ஜாதி ஆளுங்க அவங்க வீட்டு டம்ளர்ல தண்ணி குடிச்சி நான் பாத்ததில்ல. இன்னைக்கி மாப்ளயாம். அதுக்கே இவன் உருகிட்டான். பெரியவங்க மாறிட்டாங்க அன்பு, போலாம்ன்றான். கட்டிகினவனே அப்படி சொன்னா நான் இன்னா பண்றது?

எங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சித்தப்பா எழுதிக் குடுப்பாரு மேடம். அதுல சந்தேகமே இல்ல. கையெழுத்து கூட அழகா இருக்கும்.

ஆனா அந்த நம்பர்ல ஒரு கொற இருக்குது. எல்லாம் முடிஞ்சப்பறந்தான் போட முடியும். சாம்பல் விழுந்து அடங்குனப்பறம் அங்கங்க குழி தோண்டுவாங்க, எவ்ளோ கனத்துக்குப் படிஞ்சிருக்குதுன்னு பாப்பாங்க, மேப்புல கோடு போட்டுக் கூட்டுவாங்க. அடியில வீடு கட்டுனவனுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. உங்க வேலையும் அப்படித்தானே மேடம்? தப்பா எடுத்துக்காதீங்க.

அப்ப முன்னாடியே எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னா, பழைய சாம்பலத் தேடுவோம். இந்த மல இதுக்கு முன்ன எப்பவாச்சும் வெடிச்சிருக்குதா, எப்படி வெடிச்சிதுன்னு.

சித்தப்பாவுக்கு ஒரு பொண்ணு இருந்தா மேடம், மணிமொழின்னு. என்னவிட சின்னவ. அவளும் எவனையோ கட்டிகினு இதே மாதிரி ஒரு ஸ்டேஷன்லதான் ஒக்காந்திருந்தா, வேற ஊர்ல. அன்னைக்கும் நைனாதான் கத்துனாரு. சித்தப்பா எழுதிக் குடுத்துட்டு, தோள்ல கை போட்டுக் கூட்டினு வந்தாரு. அந்த வாரமே வயித்து வலின்னாங்க. நான் காலேஜ்லேர்ந்து பஸ் புடிச்சி வர்றதுக்குள்ள எரிச்சிட்டாங்க. சாம்பல் ஒரு சின்ன சொம்புல அடங்கிடுச்சி. எங்க படிப்புக் கணக்குல அதுக்கு சைபர் கூட வராது.

அன்னைக்கும் ஸ்டேஷன்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாராம். குடிங்க மேடம், ஆறிடப் போவுது.