எருதுக் கொம்புக்கு மஞ்சள்

பஸ் பிந்தும் நாட்களில் பிரஷாந்தினியை அவள் வீடிருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து பட்டறைக்கு நான்தான் காரில் ஏற்றி வருவேன். பனிக்காலத்தில் அவள் இருக்கையைச் சூடாக்கி வைத்திருப்பேன். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என்னைக் கெட்டவன் என்று முதலே முடிவு செய்தால் மீதி உங்களுக்கு விளங்காது.

எங்கள் பட்டறை சென்ட் லோரன்டில் இருக்கிறது. ஓர் அருங்காட்சியகத்துக்காகப் பாபிலோனின் இஸ்தார் வாசலைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம். நெபுகத்நேசர் எழுப்பிய வாசல் அது. நீலச் செங்கல் சுவரில் எருதுகளும் பாம்புத்தலை விலங்குகளும் வரிசையாக நடக்கும். மண்ணுக்குள் நொறுங்கிக் கிடந்ததை ஜெர்மன்காரர் தோண்டிப் பெர்லினுக்குக் கொண்டுபோய், உப்பு நீங்க ஊறவைத்து, துண்டு துண்டாக ஒட்டினார்கள். காணாமல்போன இடங்களுக்குப் புதுச் செங்கல் சுட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. எங்களுடையது முழுக்கப் புதியதுதான். ஆனால் பொய்யாக இருக்கக்கூடாது.

நீலம் சரியாக வந்தது. எருதுக் கொம்புகளுக்கான மஞ்சள்தான் சரிவரவில்லை. அருங்காட்சியகம் அனுமதித்த மஞ்சள் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்தது. பாபிலோன்காரர் மஞ்சளுக்கு ஈயம் சேர்த்தார்கள். ஈயம் பட்டறைக்குள் வரவே கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. நான் அந்த ஈய மஞ்சளை வரவழைத்து, பழைய மஞ்சளின் டப்பாவில் நிரப்பி வைத்தேன்.

பூச்சை அரைப்பதும் பூசுவதும் பிரஷாந்தினியின் வேலை. அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள். பல வருடம் நேர்த்திக்கடன் வைத்துக் கிடைத்த பிள்ளை. மாமியாருக்குச் சொல்லுமுன் எனக்குச் சொன்னாள்.

"எமிலியானுஸ் அண்ணை, இது வேறை மாதிரிக் கிடக்கு. ஈயம் கீயம் இல்லைத்தானே? டொக்டர் கவனமா இருக்கச் சொன்னவர்."

"மஞ்சளுக்குப் பயப்பிடுற தமிழ்ப் பொம்பிளையை இப்பதான் பாக்கிறன்," என்றேன்.

சிரித்துவிட்டு அரைக்கத் தொடங்கினாள். நான் பொய் சொல்லவில்லை. மஞ்சள் என்றேன், அது மஞ்சள்தான்.

தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவது அவள் பழக்கம். கொம்பின் முனை அத்தனை நேர்த்தியாக வந்தது அதனால்தான். தடுத்திருந்தால் கோடு தடித்துப்போயிருக்கும். நான் தூசு வடிகட்டும் முகமூடியைப் போட்டுக்கொண்டு நின்று ரசித்துப் பார்ப்பேன். தூசு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு அவளுக்குத் தலையிடி, வயிற்று நோ. கர்ப்பத்தில் இதெல்லாம் வரும் என்று தேற்றி, இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எருதுகள் பாதியில் நின்றிருக்கும்.

ஆறாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. ஆண் பிள்ளை. இரத்தத்தில் ஈயம் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். திராட்சைப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் பிள்ளை, தெரியும்."

"நான் கேட்டனான்தானே," என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவ்வளவு கரிசனையாக இருந்தவனிடம் அப்படி முகத்தைத் திருப்பியது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆக, தெரிந்துதான் செய்தேன். அதை நான் மறுக்கவில்லை. கடைசி எருதுக்கு இன்னும் கொம்பு பூசவில்லை, ஐயா. அந்தக் கை வேறு யாருக்கும் வராது. உடம்பு தேறியதும் வேலைக்கு வரச் சொல்லுங்கள். இனி அவள் பயப்பட வயிற்றில் ஒன்றும் இல்லையே.