உர்சுலாவின் வலது தோள்

...இல்லம்மா, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கையப் புடிச்சு நீட்டி மடக்குறதுக்கு நாலு வருஷம் யூனிவர்சிட்டியா? ஐயோ, உங்களச் சொல்லல லா! நீங்க படிச்ச பிள்ள. ரக்ஷனான்னு பேரு போட்டு சர்டிபிகேட்டு மாட்டியிருக்கீங்க, பாத்தேன். உங்க அம்மாவுக்குப் பெருமையாத்தான் இருக்கும். நான் என் மகனச் சொல்றேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கான் பாருங்க, காதுல பாட்டு கேக்குற அந்த வெள்ளக் குச்சிய மாட்டிக்கிட்டு... அவன்தான் கேலப். ஒரே பிள்ள.

ஃபார்ம் எழுதியாச்சு. உர்சுலா, வயசு அம்பத்தி நாலு. எங்க வலின்னு கேட்டிருந்துச்சு, வலது தோள்னு போட்டேன். எப்பலேர்ந்துன்னு கேட்டிருந்துச்சு... அத விடுங்க, அப்புறம் சொல்றேன்.

மொதல்ல மணியப் பாருங்க. நாலு இருபது! அஞ்சு மணிக்குள்ள அவன் போன்ல ஒண்ண அமுக்கியாகணும். ரெண்டு எடத்துல சீட்டு கெடச்சிருக்கு. ஒண்ணு கம்ப்யூட்டர். நாங்க இருக்குறது கிளமெண்டி, வீட்டுக் கீழேர்ந்து ஒரே பஸ், பத்து நிமிஷம். மத்தியானம் வந்து சுடுசோறு சாப்பிட்டுப் போலாம். இன்னொண்ணு உங்க பிசியோதெரபி. அது எங்க இருக்கு? பொங்கோல்ல! ஊருக்கு அந்தக் கோடி. போக ஒண்ணேகால் மணி, வர ஒண்ணேகால் மணி, எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே. வீடு வந்து சேரும்போது பிள்ள சக்கையாத்தான் வருவான். அதப் போயி எடுக்குறேங்குறான்!

என்ன? ...தூக்குறேன், தூக்குறேன். இவ்வளவுதான் வரும். ஆ... ஆங், அம்மாடி. அதுக்கு மேல வராது. எழுதிக்குங்க.

எதனாலடா இந்தப் படிப்புன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டான். அவங்க அப்பா மாதிரி. அவரு சூசைநாதன், துவாஸ் போர்ட்ல கிரேன் ஓட்டுறாரு. மெஷினோட பேசிப் பேசி மனுஷங்களோட பேச மறந்துட்டாரு. ஷிப்ட் முடிஞ்சு வந்தா சோறு, தூக்கம். இவன் ஆர்மிக்குப் போனான் பாருங்க, எல்லாப் பசங்களும் போற ரெண்டு வருஷம், அதோட இவனும் அப்படியே ஆயிட்டான். "சாப்பிட்டியா?" "ம்." "எங்க போற?" "வெளிய." அவ்வளவுதான் எங்க வீட்டுப் பேச்சு. வீட்டுல மீன்தொட்டி இருக்கு, அதுகூட இதவிட சத்தம் போடும்.

யூனிவர்சிட்டிக்கு ஒரு கட்டுர எழுதணுமாம்ல, ஏன் இதப் படிக்க ஆசப்படுறேன்னு? அத பிரிண்டர்ல விட்டுட்டுப் போயிட்டான். நான் படிக்கக் கூடாதுதான். படிச்சிட்டேன். என்ன எழுதியிருக்கான் தெரியுமா? "என் முதல் பேஷண்ட் என் அம்மா. அவங்கள என்னால குணப்படுத்த முடியல. எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் இதப் படிக்கணும்." கேட்டீங்களா? அதப் படிச்சதுலேர்ந்து ஒரு வாரமா தூக்கமில்ல.

நடந்தது என்னன்னா, கிறிஸ்மஸ்க்கு பத்து நாள் இருக்கும்போது கர்ட்டன் மாட்ட ஸ்டூல்ல ஏறி விழுந்தேன். அப்புறம் தோளு அப்படியே இறுகிப்போச்சு. அது நெசமாவே வலி, சத்தியமா! பாலிகிளினிக்ல ஒரு தாளு குடுத்தாங்க, இதெல்லாம் தெனம் செய்யுங்கன்னு. நான் மடிச்சு ஃபிரிட்ஜ் மேல போட்டேன். இவன்தான் எடுத்துப் படிச்சான். அப்பத்தான் ஆர்மி முடிஞ்சு சும்மா இருந்தான். தெனம் சாயங்காலம் ஏழரைக்கு கிச்சன் சுவத்துக்கிட்ட என்ன நிக்க வச்சு, விரலால மெதுவா மேல ஏறச் சொல்லுவான், பல்லி மாதிரி. எது வரைக்கும் எட்டுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு, பக்கத்துல தேதி. வீட்டுக்காரரு கேட்டாரு, எதுக்குடா சுவத்தக் கெடுக்குறன்னு. அவரு அந்த மாசம் பேசுன ஒரே பேச்சு அதுதான்.

ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போகும்போது என் முடியக்கூட அவன்தான் கட்டி விட்டான். யூடியூப்ல பாத்து... உஸ், இங்க என்ன ஃபேன் இப்படிச் சுத்துது, முடியெல்லாம் மூஞ்சில விழுது. ஒரு நிமிஷம்... கிளிப் எங்க... ஆங். இப்பப் பரவால்ல. என்ன சொல்லிட்டிருந்தேன்?

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

கையா? எந்தக் கை?

...ஐயையோ. ரெண்டு கையையும் தூக்கியா கிளிப்பு மாட்டுனேன்?

கதவச் சாத்திட்டீங்கள்ல? உக்காருங்கம்மா. சொல்றேன். இது ஃபாதர்கிட்டகூட பாவசங்கீர்த்தனத்துல சொல்லல, தவக்காலம் முழுக்க வாய மூடிட்டு இருந்தேன். கை சரியாகி மூணு மாசம் ஆவுது. பிப்ரவரிலயே சரி. நல்லா மேல வரைக்கும் போவும். நான்தான் வேணும்னே ரெண்டு இஞ்சு கீழ நிறுத்திடுவேன். "ஆ"ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். அவனும் அதே எடத்துல கோடு போடுவான், அதே எடத்துல, அதே எடத்துல...

எதுக்கா? என்னம்மா இப்படிக் கேக்குறீங்க! அந்த இருவது நிமிஷம் அவன் என்கூடப் பேசுனாம்மா. காதுல ஒண்ணும் மாட்டாம. சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டே கேம்ப்ல நடந்த கதையெல்லாம் சொன்னான். சார்ஜண்டு மாதிரி பேசிக் காட்டுவான். ஒரு பொண்ணப் பத்திக்கூட சொன்னான், ஒத்து வரலன்னு. என்கிட்ட! கை சரியாயிடுச்சுன்னு சொன்னா மறுநாளு திரும்ப "ம்", "வெளிய". எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். பெரிய காரணமெல்லாம் இல்ல.

சரி, அழல நான். ஃபேன் காத்து.

இப்பக் கேளுங்க, அதுக்குத்தான் தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கணும்னு சொல்லி அவன இழுத்துட்டு வந்தேன். நீங்க என்ன பண்றீங்க, அவன உள்ள கூப்பிட்டு, என் தோள்ல ஒரு அமுக்கு அமுக்குங்க. நான் "அம்மா!"ன்னு கத்துறேன். அப்படியே கைய மேல தூக்கிடுறேன். சரியாப்போச்சுன்னு நீங்க சொல்லிடுங்க. அவனுக்கும் மனசு ஆறிடும், கம்ப்யூட்டர அமுக்கிட்டுப் போயிட்டே இருப்பான். எப்படி?

...என்ன சிரிக்கிறீங்க?

...ஓ.

ஆமால்ல. அவனால மூணு மாசமா ஆகாதத பிசியோ படிச்ச ஒரு பொண்ணு ஒரே அமுக்குல பண்ணிட்டான்னு கண்ணால பாத்தா... பொங்கோலுக்கு இப்பவே ஓடிருவானே! சே, இத நான் யோசிக்கவே இல்ல லா. ஒரு வாரமா யோசிச்சு வச்ச பிளான்!

அப்ப வேற என்ன... எங்க போறீங்க? அம்மா, ரக்ஷனா, கதவத் தொறக்காதீங்க. இன்னும் அரமணி நேரம் இருக்கு, வேற யோசிப்போம்... இருங்க லா!

...வாடா கேலப். உள்ள வா. காதுலேர்ந்து அத எடு மொதல்ல. மம்மி ஒண்ணு சொல்லணும். அவங்களப் பாக்காத, என்னப் பாரு.

இந்தா. பாத்தியா? ரெண்டு கையும். பின்னாடியும் போவும். பிப்ரவரிலேர்ந்து.

திட்டுறதுன்னா திட்டு. அந்தக் கட்டுரய நான் படிச்சேன், அதுக்கும் சேத்துத் திட்டு. ஆனா தோத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு எதையும் அமுக்காத. நீ எங்கடா தோத்த? ரெண்டே மாசத்துல நீ சரி பண்ணிட்ட. பாலிகிளினிக்ல ஆறு மாசம் ஆவும்னாங்க. ஒரு தாளப் பாத்து, ஒரு பென்சில வச்சிக்கிட்டு நீ சரி பண்ணிட்ட. பொய் சொன்னது நான்தான். நீ பேசுனா வலியே தெரியாதுடா. உனக்கு நல்லா வருதுடா இந்த வேல. கூடப் பொறந்த மாதிரி வரு...

ஏய். போன ஏன் எடுக்குற? இருடா, இன்னும் டைம் இருக்கு. நான் அந்த அர்த்தத்துல சொல்லல! எத அமுக்குற? காட்டு... காட்டுடா...

அமுக்கிட்டானா? ரக்ஷனா, எத அமுக்குனான்?

...ம். பொங்கோல்.

எல்லாம் என் வாயி. வேற யாரச் சொல்றது? நானே சீட்டு வாங்கிக் குடுத்த மாதிரிதான்.

சரி விடு. சந்தோஷமாத்தான் இருக்கேன், மூஞ்சிதான் இப்படி. வா, மீனு முடிஞ்சிரும்... என்ன? ஏழரைக்கா? கிச்சன்லயா? இன்னைக்கா? எதுக்குடா, அதான் கை நல்லா இருக்கே, இப்பத்தான ரெண்டயும் தூக்கிக் காட்டுனேன்...

முட்டியா? முட்டிக்கு என்னடா, முட்டி எனக்கு நல்லாத்தான...

...

வலிக்குது. ஆமா. ரொம்ப வலிக்குதுடா.